வளவு பார்க்கப் போவோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரம், கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கமாக வீட்டுத்தோட்டம் செய்கிற கொஞ்சப்பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள் யாராவது ஒருவரின் வளவைப் பார்க்கப் போகிறோம். இன்னொரு நாள் பின்னேரம் கூடியிருந்து, விஷயம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லிக் கேட்கிறோம். பயணத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை என்னுடையது என்பதால் எல்லாச் சந்தேகமும் என் தொலைபேசிக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன்.

இது சுற்றுலாவா? சமையல் சாமானோட பெரிய பஸ் பிடிச்சுப் போறதா?

இல்லை. ஒரு வான், மிஞ்சினால் இரண்டு. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் போனால் வளவுக்காரர் சொல்வது பின்னால் நிற்பவருக்குக் கேட்காது, பாத்தியும் மிதிபடும். காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் இருந்து சாப்பிட்டு, மதியத்தோடு திரும்பிவிடுவோம்.

போகிற இடம் பெயர்பெற்ற தோட்டமாக இருக்க வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலையில் ஒருவர் அரை ஏக்கரில் கத்தரியும் பயற்றையும் வைத்திருப்பார். வந்தாறுமூலையில் ஒரு டீச்சர் வீட்டைச் சுற்றி ஓக்கிட் தொங்கவிட்டிருப்பார். நாங்கள் போவது அப்படியான இடங்களுக்கு.

எனக்குத் தோட்டமே இல்ல. மேல்மாடியில ரெண்டு சாடிதான் இருக்கு. நானும் வரலாமா?

தாராளமாக வாருங்கள். சாடியில் வளர்ப்பவர்களுக்கென்றே வருடத்தில் ஒரு பேச்சாவது வைக்கிறோம். அதில் கட்டாயம் வருகிற ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாடிக்குப் போடும் தும்புத்தூளை மூட்டையில் இருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். புதுத் தும்புத்தூளில் உப்பும் சாயமும் இருக்கும். வாளியில் ஊறவிட்டு, தண்ணீர் பழுப்பு நிறம் குறையும்வரை இரண்டு மூன்று தரம் மாற்றிப் பிழிந்து எடுங்கள். மாடி வீட்டில் கன்றின் இலைநுனி கருகுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், ஆனால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள்.

காசு எவ்வளவு கட்டணும்?

அங்கத்துவப் பணம் என்று ஒன்றும் இல்லை. வான் கூலியைப் போகிறவர்கள் பங்கு போடுகிறோம். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளில் எட்டுகிற வளவுகளுக்கு மட்டும் போனோம், அப்போது பங்குக் காசே இருக்கவில்லை. வளவுக்காரர் காசு வாங்க மாட்டார். கைக்கு ஏதாவது கொண்டுபோக விரும்பினால் விதையோ கன்றோ கொண்டுபோங்கள், பிஸ்கட்டை விட அது நல்லது.

ஏன் அடிக்கடி படுவான்கரைக்கே போறீங்க? எழுவான்கரையில தோட்டம் இல்லையா?

இரண்டு பக்கமும் போகிறோம். ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள மண் வேறு, கிழக்கே உள்ள மண் வேறு. படுவான்கரையில் களி கலந்த மண், வயல், குளம், மேட்டுநிலம் எல்லாம் இருக்கிறது. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டு. ஒரே மழை, ஒரே வெயில்தான். ஆனாலும் ஒரு கரையில் காய்க்கிற முறை மறுகரைக்குச் சரிவராது. அதைக் காதால் கேட்பதை விட, ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் விளங்கும்.

போக்குவரத்தும் முன்னைப்போல் கஷ்டமில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வானிலேயே போய்விடலாம். ஆனாலும் குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையில், போவது எங்களுக்குப் பிடித்தது. கரையோரக் கண்டல் மரங்களை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு வழியில்லை.

கடற்கரை மணல்ல என்னதான் வளரும்? அதைப் பார்க்க ஒரு பயணமா?

கல்லடிப் பக்கம் ஒரு அம்மாவின் வளவைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அந்த வளவுக்கு மேலால் கடல் போனது. அவர் முதலில் செய்தது காத்திருந்தது. மாரி மழை மணலுக்குள் இருந்த உப்பைக் கழுவி இறக்கும்வரை ஒன்றும் நடவில்லை. கிணற்றையும் அளவுக்கு மீறி இறைக்கவில்லை. எங்கள் மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் ஒரு படையாக உப்புத் தண்ணீரின் மேல் நிற்கிறது. மோட்டர் போட்டு வாரி இறைத்தால் நல்ல தண்ணீர் போய், கீழே உள்ள உவர் மேலே வரும். சுனாமிக்குப் பிறகு கிணறு துப்புரவாக்கிய பல இடங்களில் அதுதான் நடந்தது. இன்றைக்கும் கோடையில் அதே கணக்குத்தான்.

மறுகா அவர் செய்த வேலையைப் பார்க்கத்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு கன்றுக்கும் மூன்றடிக் குழி. அடியில் பொச்சுமட்டை இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க. அதற்கு மேல் மண்ணும் மாட்டெருவும். தென்னை ஆராய்ச்சி நிறுவகம் தென்னங்கன்றுக்குச் சொல்கிற முறை இது. அவர் தேசிக்கும் மாதுளைக்கும் கறிவேப்பிலைக்கும் இதையே செய்தார். ஒருநாள் பழைய குழி ஒன்றின் ஓரத்தைத் தோண்டிக் காட்டினார். மேல்மணல் மாவாகக் காய்ந்து கிடந்தது. அடியில் மட்டை ஈரமாக இருந்தது, வேர் அதற்குள் பின்னிப் பிணைந்து நின்றது. நாங்கள் போனது ஆனி மாதம்.

ஆடி, ஆவணியில எல்லாம் காஞ்சு கிடக்கும். அந்த நேரம் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?

காய்ந்ததைப் பார்க்கத்தான். தை, மாசியில் எந்த வளவும் அழகாக இருக்கும். மழை விட்டு, எல்லாம் பச்சையாக, பூவும் காயுமாக நிற்கும். அப்போது பார்த்தால் மழையின் வேலை எது, மனிதரின் வேலை எது என்று பிரித்தறிய முடியாது. வைகாசி முடிய மலைப்பக்கத்தில் இருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும். அது மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலை இறங்கி, காய்ந்து சூடாகி எங்களிடம் வருகிற காற்று. ஈரத்தை இலையில் இருந்தே உறிஞ்சிவிடும். அதிலும் நிற்கிற செடி எது, அதை நிற்க வைத்தது என்ன என்பதைக் கச்சானில் போனால்தான் காணலாம்.

அந்தப் பயணங்களில் வளவுக்காரரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "போன கோடையில் எது எது செத்தது?" என்றுதான். எது நன்றாக வருகிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். செத்ததைக் கேட்டால்தான் கதை வரும். செங்கலடிப் பக்கம் ஒரு அண்ணன், மேற்கு வேலியோரம் வைத்த ஏழு பப்பாசியும் கச்சானில் முறிந்ததைச் சொல்லி, அந்த இடத்தில் இப்போது சீமைக்கிளுவையை நெருக்கி நட்டு அதன் மறைவில் கொச்சிக்காய் வைத்திருப்பதைக் காட்டினார். அடுத்த கிழமையே எங்களில் நான்கு பேர் மேற்கு வேலிக்குக் கதியால் தேடினோம்.

மாரியில ஏன் நிப்பாட்டுறீங்க?

ஐப்பசிக் கடைசியில் இருந்து மார்கழி முடியும்வரை பயணம் இல்லை. கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் வெள்ளம் வீதிக்கு மேலால் போகும். போன இடத்தில் மாட்டிக்கொண்டால் வளவுக்காரருக்கும் சிரமம். அந்த மாதங்களில் பேச்சு மட்டும் நடக்கும்.

விடிய 6 மணிக்கே ஏன் வரச் சொல்றீங்க? பிள்ளைகளை வெளிக்கிடுத்தி வர வேணாமா?

வெயில் ஒரு காரணம். பத்து மணிக்குப் பிறகு மணலில் நின்று யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். செடியும் வாடி நிற்கும், நோயில் வாடியதா வெயிலில் வாடியதா என்று பிடிபடாது.

மற்றக் காரணம் யானை. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களில் பின்னேரம் ஆனால் யானை இறங்கும். மதியம் சுணங்கினால் எல்லாம் சுணங்கும். எந்தக் காரணத்துக்காகவும் 4 மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் நிற்பதில்லை என்பது எங்கள் கட்டாய விதி. வளவுக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி மறித்தாலும் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுவோம்.

பேராதனைக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க? ஹக்கலை பார்க்க எவ்வளவு ஆசை!

எனக்கும் ஆசைதான். பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர். அந்த ராட்சத மூங்கிலுக்குக் கீழே நின்றால் பேச்சு வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிறோம். செங்கலடியில் இருந்து ஏ5 வீதியால் போய், பதியத்தலாவையில் திரும்பி, மகியங்கனை வழியாக மலை ஏறுவது. வருகிற வழியில் பக்கத்தில் உள்ள கன்னொறுவைக்கும் போவோம். விவசாயத் திணைக்களத்தின் தொழில்நுட்பப் பூங்கா அங்கே இருக்கிறது. எங்கள் ஆட்கள் பையை நிரப்புவது அங்கேதான்.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஹக்கலைப் பூங்கா 1861இல், மலேரியா மருந்து எடுக்கிற சின்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், 5,000 அடிக்கும் மேலே. அங்கே பூத்துக் குலுங்குகிற ரோசாவை வாங்கி வந்து காத்தான்குடி வெயிலில் வைத்து, இரண்டு மாதத்தில் குச்சியாகப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் எங்களில் பலர். பார்த்து மகிழப் போங்கள், வாங்குவதானால் கீழே உள்ள செடியை வாங்குங்கள். என்னைக் கேட்டால் எங்கள் மண்ணுக்குப் பொருத்தமான பெரிய பூங்கா அம்பாந்தோட்டையில் உள்ள மிரிஜ்ஜவிலை. வறள்வலயத்துக்கென்று 300 ஏக்கரில் உண்டாக்கி 2013இல் திறந்தது. நாங்கள் தினமும் கடந்து போகிற பாலை, வீரை போன்ற மரங்களை மதித்து நிறுத்தி வைத்த இடம் அப்படியொன்று.

பெந்தோட்டையில ஜெப்ரி பாவாட தோட்டம் இருக்காம். அது பணக்காரர் விஷயம்தானே, நமக்கு என்ன?

கட்டிடக்கலைஞர் பாவாவின் அந்தத் தோட்டத்துக்குப் பெயர் லுணுகங்கை. பழைய இறப்பர்த் தோட்டம் ஒன்றை 1940களின் கடைசியில் வாங்கி, 2003இல் இறக்கும்வரை அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒருமுறை போனோம். பூ அதிகம் இல்லை. நிழல், மேடு பள்ளம், மரங்களுக்கு இடையால் தெரிகிற தெத்துவை வாவி, அவ்வளவுதான். வாவிக்கரையில் காணி உள்ளவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் வாவிப் பக்கம் மதில் கட்டிக் குப்பை கொட்டுகிறோம். அங்கே வீடு முழுக்கத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி இருக்கிறது. எங்களோடு வந்த ஒரு ராத்தா திரும்பி வந்து செய்த முதல் வேலை, கிணற்றடியின் பின்பக்கத் தகரத்தைக் கழற்றியது.

போற வளவுல ஒரு கம்பு முறிச்சு எடுத்துட்டு வந்தா என்ன? செடிக்கு வலிக்குமா?

கேட்டுவிட்டு எடுங்கள். பதினைந்து பேர் கேளாமல் ஒவ்வொரு கம்பு முறித்தால் ஒரு செடி முடிந்தது. பெரும்பாலும் வளவுக்காரரே கத்தியோடு வந்து வெட்டித் தருவார், எங்கே வெட்ட வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பேராதனை போன்ற அரச பூங்காக்களில் கேட்பதும் கூடாது. விற்பனைப் பகுதி இருக்கிறது, அங்கே வாங்கலாம்.

கேட்டு எடுத்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. முந்தி ஒருமுறை அடுக்குச் செவ்வரத்தைக் கம்பு ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, அன்று பின்னேரமே கொய்யாவுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். மூன்றாம் கிழமை கணுவில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தது. கையால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அது வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்பு நீருக்காக அதைத் தூக்கிக்கொண்டு திரியும், காவலும் இருக்கும். கொய்யா, பக்கத்து அன்னமுன்னா, கடைசியில் அடுத்த வீட்டு மாமியின் செவ்வரத்தை வேலி வரைக்கும் போய்விட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலியை நான்தான் வெட்டி எரித்துக் கொடுத்தேன். அன்றில் இருந்து புதுச்செடி எதுவானாலும் மூன்று கிழமை மற்றவற்றுக்கு எட்டாத இடத்தில் தனியே வைக்கிறேன். மண்ணோடு வருகிற கத்தரி, தக்காளிக் கன்றுகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வட்டப்புழு. எங்கள் மணலில் அது ஒருமுறை வந்தால் எளிதில் போகாது.

மகன் கட்டார்ல இருந்து வாறான். விதை, கிழங்கு கொண்டு வரச் சொல்லவா?

வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டில் இருந்து செடி, விதை, கிழங்கு கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலே சொன்ன பூச்சிக் கதையை நாட்டளவில் பெருக்கிப் பாருங்கள். பப்பாசியைத் தாக்கும் வெண்மூட்டுப்பூச்சி 2008இல் இலங்கைக்கு வந்தபோது, அதை அடக்க ஒரு குளவி இனத்தையே வெளிநாட்டில் இருந்து தருவிக்க வேண்டியிருந்தது.

பேச்சு யாரு பேசுறது? படிச்ச ஆக்கள் மட்டும்தானா? எல்லாம் இங்கிலீசா இருக்குமா?

எல்லாம் தமிழில்தான். விவசாயப் போதனாசிரியர்கள் வருவார்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிப்பிப்பவர்களும் படிப்பவர்களும் வருவார்கள். அதே அளவுக்கு வயதான தோட்டக்காரர்களையும் கூப்பிடுகிறோம்.

நான் மறக்காத பேச்சு ஒரு அப்புச்சியின் பேச்சு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் அவருடைய தென்னைகள் எல்லாம் ஒரே இரவில் விழுந்தன. எழுதிவைத்துப் பேசவில்லை. விடிய எழும்பி வெளியே வந்தால் கடல் தெரிந்தது என்றார். அதுவரை மரங்கள் மறைத்திருந்த கடல். மறுபடி 26 அடிக்கு ஒரு கன்றாக நட்டது, முதல் குரும்பை பிடிக்கும்வரை இடையில் மரவள்ளியும் கச்சான் கடலையும் போட்டு வீட்டைக் கொண்டுபோனது எல்லாம் சொன்னார். முடிந்ததும் ஒருவரும் எழும்பவில்லை. கேள்விகள் ஒன்றரை மணித்தியாலம் போயின.

பேச்சுல சொன்ன மாதிரித்தான் செய்தேன். செடி செத்துப்போச்சு. இனி யாரைக் கேட்கிறது?

அடுத்த கூட்டத்துக்குச் செடியையே கொண்டு வாருங்கள். "இலை மஞ்சளாக இருக்கு" என்றால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வேரோடு பிடுங்கி, நோய் மற்றவர் செடிக்குப் போகாதபடி பொலித்தீன் பையில் கட்டி வந்தால் பாதிச் சந்தேகம் வேரைப் பார்த்தவுடனேயே தீரும். அவசரம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரை எந்த நாளில் சந்திக்கலாம் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்க ரசாயனப் பசளைக்கு எதிரான ஆக்களா?

இல்லை. 2021இல் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது வயல் செய்கிற எங்கள் உறவினர் பட்ட பாட்டைப் பார்த்தோம். அந்த வருடக் கடைசியிலேயே தடையை எடுக்க வேண்டி வந்தது. வீட்டு வளவுக்கு மாட்டெருவும் கூட்டெருவும் போதும் என்பது எங்கள் அனுபவம். மணலில் போடும் யூரியா அடுத்த மழையோடு கிணற்றுப் பக்கம் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். வயலுக்கு இதையே சட்டமாகச் சொல்ல நாங்கள் யாருமில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள், ஆனால் கண் எடுக்காதீர்கள். கார்த்திகைப்பூ வேலியில் அழகாகப் படர்ந்திருக்கும். அதன் கிழங்கு உயிருக்கே ஆபத்தான நஞ்சு. வாவிக்கரையில் தில்லை மரம் நிற்கும். இலையைக் கிள்ளினால் வருகிற பால் கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். புறப்படும் முன் இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்துவிடுவோம். செருப்பில்லாமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. சருகுக்குள் புடையன் பாம்பு கிடக்கும்.

நான் தனியா வாற பொம்பிளை. மலசலகூடம் எல்லாம் இருக்குமா?

எங்களில் பாதிக்கு மேல் பெண்கள். வளவைத் தெரிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுவோம், வசதி இல்லாத இடத்துக்கு நீண்ட பயணம் வைப்பதில்லை. திரும்பும்போது எல்லோரையும் வீட்டு ஒழுங்கை வாசலில் இறக்கிவிடும்வரை வானின் ஓட்டம் முடியாது.

நோன்பு நேரமும் அம்மன் சடங்கு நேரமும் என்ன செய்வீங்க?

ரமழானில் பயணம் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களுக்குப் போகமாட்டோம், வீட்டுக்காரருக்கு நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை எப்போதும் தவிர்க்கிறோம்.

எங்கட வளவையும் வந்து பார்க்கச் சொல்ல ஆசைதான். ஆனா ஒழுங்கா இல்ல, வெட்கமா இருக்கு.

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன், அதுவும் நல்ல வளவு வைத்திருப்பவர்களிடம் இருந்து. கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்ட வளவில் நாங்கள் படிக்க எதுவும் இருக்காது. கச்சான் பயணத்தில் என்ன கேட்போம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அதைத்தான் கேட்போம். காய்ந்த செடியைப் பிடுங்கி எறியாமல் இருந்தால் போதும்.

முதலில் இரண்டு பேர் மட்டும் ஒரு பின்னேரம் வந்து பார்ப்போம். வான் எங்கே நிற்கலாம், எந்தப் பாத்தியை மிதிக்கக் கூடாது, நாய் கட்டியிருக்குமா என்று கேட்டுக்கொண்டு போவோம். பதினைந்து பேருக்கும் சாப்பாடு செய்ய வேண்டாம். கிணற்றடியில் கால் கழுவ ஒரு வாளியும், இருக்க நிழலும் இருந்தால் சரி.